குகைக்கு முன்னால் ஒரு முழம்

துணி கறுக்கவில்லை.

காலையிலிருந்து அவன் தோட்டத்துப் பொம்மை ரயிலின் தண்டவாளத்தை முழங்காலில் நகர்ந்து நகர்ந்து துடைத்துக்கொண்டு வந்தான். பித்தளைத் தண்டவாளம். மழையில் நனைந்து, வெயிலில் காய்ந்து, நத்தை ஊர்ந்த பிசுக்கும் வேலியோர மரம் சொட்டிய பிசினும் ஏறி, களிம்பு பிடித்துக் கிடந்தது. பாத்திரம் தேய்க்கிற பச்சை நாரால் முதலில் தேய்க்க வேண்டும். பிறகு ஸ்பிரிட் தொட்ட துணியால் இழுத்துத் துடைக்க வேண்டும். ஒவ்வொரு இழுப்புக்கும் துணியில் மையால் கீறியதுபோல ஒரு கோடு விழும். மடிப்பை மாற்றி மாற்றித் துடைத்ததில் துணி முழுக்க வரிவரியாகக் கறுத்திருந்தது. தோட்டத்தின் கோடியில் குகைக்கு முன்னால் வந்தபோதுதான் அது நின்றது. அழுத்தித் துடைத்தான். புது மடிப்பில் துடைத்தான். துணி வெள்ளையாகவே இருந்தது.

தனக்கு முன்னாலேயே யாரோ வந்து துடைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தான். பிறகு திரும்பிப் பார்த்தான். அந்தத் தோட்டத்தில் குனியக்கூடிய பெரியவர்கள் அவனைத் தவிர யாரும் இல்லை.

பின்வாசலில் நாற்காலி போட்டு மாமனார் உட்கார்ந்திருந்தார். இரண்டு முழங்காலும் போய்விட்ட, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். மடியில் ரயிலை ஓட்டுகிற கன்ட்ரோலர் பெட்டி. அதன் குமிழின் மேல் ஒரு விரல்.

"என்ன மாப்பிள்ளை, கும்பிட்டு முடிச்சாச்சா? எந்திரிங்க. ஓட்டிப் பாப்போம்."

அவன் எழுந்து ஒதுங்கி நின்றான். பெரியவர் குமிழைத் திருகினார். செங்கல்லில் பாதி அளவு என்ஜின், பின்னால் மூன்று பெட்டிகள். விளக்கு எரிய, தேனீ முனகுவதுபோல முனகிக்கொண்டு, தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி, வேலியை ஒட்டி வந்தது. இந்த ரயிலுக்கு மின்சாரம் தண்டவாளத்தில் வருகிறது. சக்கரம் அதைத் தொட்டு எடுத்துக்கொள்கிறது. நடுவில் ஒரு நூல் அழுக்கு இருந்தாலும் தடுமாறும். இன்றைக்குத் தடுமாறவில்லை. குகைக்கு ஒரு முழம் இருக்கும்போது விளக்கு அணைந்தது. அதே இடம். யாரோ கழுத்தைப் பிடித்து நிறுத்தியதுபோல நின்றது.

"அழுக்கு," என்றார் மாமனார். "அங்க அழுக்கு இருக்கு. துடைங்க."

அவன் வந்தது ரயில் ஓட்ட இல்லை. மகளை அழைத்துப் போக வந்தான். மனைவி இறந்துபோன பிறகு தன் தலையைத் தானே சீவிக்கொள்ளக்கூட அவனால் முடியாமல் போயிற்று. குழந்தையைக் கொண்டுவந்து இங்கே விட்டான். விட்டவன் எட்டிப் பார்க்கவில்லை. இப்போது ஒரு வேலை, ஒரு வீடு, பக்கத்திலேயே ஒரு பள்ளிக்கூடம் என்று ஏதோ கூடி வந்திருந்தது. காலையில் வாசலில் வந்து நின்றவனிடம் பெரியவர் உள்ளே வா என்று சொல்லவில்லை.

"விட்டுட்டுப் போனப்ப சுமை. இப்ப பிள்ளையா தெரியுதாக்கும்?"

"மாமா, அப்ப என் நிலைமை..."

"எம்பொண்ணை அவ்வளவு நல்லாப் பாத்துக்கிட்டீங்க. பேத்தியையும் பாத்துக்குவீங்க. எனக்குத் தெரியாதா?" கொஞ்ச நேரம் அவனுடைய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "எனக்குக் குனிய முடியல. லைனைத் துடைச்சுக் குடுங்க. வண்டி நிக்காம ஒரு முழு ரவுண்டு வரட்டும். நானே அவ பையை எடுத்து வாசல்ல வைக்கிறேன். இல்ல, கோர்ட்லதான் பாக்கணும்னாலும் சரி. பெத்த பிள்ளையை எட்டிப் பாக்காத அப்பனுக்கு ஜட்ஜு என்ன சொல்றாருன்னு கேட்டுக்கலாம்."

கிழவரின் வீம்பு என்று அவன் நினைத்தான். கோர்ட்டுக்கு அலைவதைவிட முழங்கால் தேய்வது மேல் என்று நினைத்தான். சரி என்றான்.

மறுபடி குனிந்தான். சிமென்ட்டும் கல்லும் குழைத்து மலைபோல் கட்டி, மேலே பாசி படர்ந்த குகை அது. ஓர் ஆள் நீட்டிப் படுக்கிற நீளம்தான் இருக்கும். வாய் மட்டும் குறுகல். என்ஜின் உரசாமல் போகலாம், அவ்வளவுதான். அவன் கையை நுழைத்தால் மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே சிக்கிக்கொள்ளும். தோட்டத்து ரயில் வைக்கிறவர்கள் குகையை இப்படிக் கட்டமாட்டார்கள். கூரையைக் கழற்றி எடுக்கும்படி கட்டுவார்கள். உள்ளே இருப்பதும் தண்டவாளம்தானே, அதையும் துடைத்தாக வேண்டுமே. பெரியவருக்கு அது சிமென்ட் இறுகிய பிறகுதான் உறைத்தது. தப்பு என்று ஒப்புக்கொள்கிற வழக்கம் அவருக்கு இல்லை. இடிக்கவும் மனம் வரவில்லை. வீட்டில் அப்போது ஒரு சின்னக் கை இருந்தது.

மனைவி ஒரு தடவை சிரித்துக்கொண்டே சொன்ன கதை அது. முழுசாகச் சொல்லவில்லை. பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது.

தண்டவாளத்தின் மேல் நகத்தை வைத்து அழுத்தினான். வழுக்கியது. சுரண்டினான். நகத்தடியில் மெல்லிய செதில் ஒன்று வந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். கறுப்பும் சிவப்பும் கலந்த நிறம். அந்த நிறம் அவனுக்குத் தெரியும். படுக்கையில் கிடந்த கடைசி நாட்களில் பாதி உரிந்த நிலையில் அவள் விரல்களில் இருந்தது அதுதான்.

நெயில் பாலிஷ்.

இரண்டு தண்டவாளத்திலும், குகை வாயிலிருந்து ஒரு முழம் நீளத்துக்கு, அழகாகப் பூசியிருந்தது. மின்சாரம் ஏறாது. களிம்பு பிடிக்காது. துணி எப்படிக் கறுக்கும்? தன் நகத்துக்குப் பூசினால் விரலெல்லாம் அப்பிக்கொள்கிறவள். இங்கே பக்கத்துக் கட்டையில்கூட ஒரு சொட்டு சிந்தவில்லை.

அவனுக்கு அந்தச் சாயங்காலம் நினைவுக்கு வந்தது. இந்த வீட்டுக்கு அவள் கடைசியாக வந்தபோது நடந்தது. தவழ்ந்துகொண்டிருந்த மகள் குகை வாய்க்குள் கையை நீட்டினாள். மனைவி ஓடிவந்து குழந்தையை இழுத்து, முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். அதற்கு முன்பும் பின்பும் அவள் குழந்தையை அடித்ததில்லை. பொழுது சாயும்போது இதே இடத்தில் தனியாகக் குந்தியிருந்தாள். கையில் பாலிஷ் குப்பி. யாருக்காக இந்த அலங்காரம் என்று அவன் கேலி செய்தான்.

"ரயிலுக்கு," என்றாள். திரும்பிப் பார்க்காமல் இன்னொன்றும் சொன்னாள். "பாப்பாவை அந்தப் பக்கம் விடாதீங்க."

பூரான், தேள் எதையோ சொல்கிறாள் என்று நினைத்தான். ஏன் என்று கேட்டிருக்கலாம்.

"என்ன தம்பி, இன்னுமா துடைக்கிறீங்க?"

மதில் மேல் ஒரு தலை. பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா. கழுத்தில் டேப் தொங்கியது. "இவ்வளவு சுத்தமா துடைக்கிற ஆம்பளையை நான் பாத்ததே இல்லை. போறப்ப எங்க வீட்டுத் தரையையும் ஒரு கை பாத்துட்டுப் போங்க."

அவன் சிரிக்க முயன்றான்.

"உங்க வாலுப் பொண்ணுக்கு நீங்க தேவலை. மத்தியானம் பூரா இங்கதான் குப்புறக் கெடக்குது, கையைத் தோள்பட்டை வரைக்கும் உள்ள விட்டுக்கிட்டு. பூரான் கடிக்கப்போவுது எந்திரிடின்னா, இல்ல ஆன்ட்டி, அந்தப் பக்கத்துலேருந்து அவங்க துடைச்சிட்டாங்க, சுத்தமா இருக்குங்குது. எவங்கடின்னு கேட்டா சிரிப்பு." டேப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள். "அம்மாக்காரியும் சின்னதுல இப்படித்தான் கெடக்கும். அப்பவே வாத்தியார்கிட்ட சொன்னேன், உங்க பொண்ணு தனியா பேசுதுன்னு. உன் மிஷினைப் பாருன்னுட்டாரு. எனக்கென்ன வந்துச்சு, மிஷினைப் பாக்கப் போனேன்." தலை மதிலுக்குப் பின்னால் இறங்கிப் போனது.

மகள் கூடத்தில் தரையில் கவிழ்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். வாலு என்றுதான் வீட்டில் எல்லோரும் கூப்பிடுவார்கள். அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் இடது கை எந்தக் குழந்தையின் கையையும்போல இருந்தது. முட்டியில் மண், மணிக்கட்டில் பேனாக் கிறுக்கல், நகத்தில் அழுக்கு. வலது கையை அவன் தொட்டுத் தூக்கினான். விரல் நுனியிலிருந்து தோள்வரை வெளிறி, பளபளவென்று இருந்தது. பூனை மயிர் ஒன்றுகூட இல்லை. தோல் மெல்லிசாக, சிவந்து, ரொம்ப நேரம் தேய்த்த பாத்திரம்போல. முகர்ந்தான். பித்தளை வாசம். அதற்கடியில் ஈரக்கல் வாசம்.

"யாரும்மா கையைக் கழுவிவிட்டது? தாத்தாவா?"

"தாத்தா துடைக்கத்தான் சொல்வாரு. என் கைதான் உள்ள போகும்."

"அப்புறம்?"

"நான் தண்டவாளத்தைத் துடைப்பேன். அவங்க என் கையைத் துடைப்பாங்க."

"யாரு?"

வாலு பென்சிலை வாயில் வைத்து யோசித்தாள். "முகம் வரலப்பா. கை மட்டும்தான் வரும்." பிறகு, ஏதோ சாதாரண விஷயத்தைப்போல, "இன்னொரு கையையும் குடுன்னாங்க. ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல எப்படிப்பா குடுக்க முடியும்?" என்றாள்.

அவன் பின்வாசலுக்கு வந்தான்.

"குழந்தை கையை உள்ள விடச் சொன்னீங்களா?"

"பின்ன? உங்க கை போகுமா?"

"உள்ள என்ன இருக்கு மாமா?"

பெரியவர் குமிழைத் தடவிக்கொண்டே இருந்தார். "எம்பொண்ணு கை தடிக்கிற வரைக்கும் துடைச்சா. ஒரு நாள், மாட்டேன்னு அழுதா. வண்டி நின்னுபோச்சு. அதுலேருந்து ராத்திரி ராத்திரி அங்க தேய்க்கிற சத்தம் கேக்குது. பாதியில விட்டது யாரு, வந்து முடிச்சுக் குடுன்னு கேக்கற மாதிரி." முதல் முறையாக நிமிர்ந்து அவனைப் பார்த்தார். "நீங்க மட்டும் அவளைக் காப்பாத்தியிருந்தா, அவளே வந்து முடிச்சிருப்பா."

"நான் இப்பவே கூட்டிட்டுப் போறேன்."

"போ." மரியாதை போயிருந்தது. "பிள்ளையைத் தூக்கிட்டு ஓடிட்டான்னு நான் ஒரு போன் போட்டா போதும். ரோட்டு முனையைத் தாண்டமாட்ட. அதுக்கப்புறம் அவ முகத்தைப் பாக்க முடியுமான்னு பாத்துக்க." மூச்சு வாங்கினார். குரல் பழையபடி குழைந்தது. "ஒரு ரவுண்டு, மாப்பிள்ளை. ஒரே ஒரு ரவுண்டு. நான் பேச்சு மாறமாட்டேன்."

ஒரு ரவுண்டு. அவ்வளவுதானே என்று அவன் தனக்குச் சொல்லிக்கொண்டான். பொம்மை ரயில். ஓர் ஆள் நீளக் குகை. குழந்தை அதன் பக்கத்திலேயே வராமல் பார்த்துக்கொண்டால் போயிற்று. ஓட்டிக் காட்டிவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பிவிடலாம்.

வாலுவை முன் அறைக்கு அழைத்துப் போனான். பையைக் கட்டிலில் வைத்தான். ஷூ மாட்டிவிட்டான். ஜன்னலுக்குக் கம்பி இருந்தது. ஒவ்வொன்றையும் அசைத்துப் பார்த்தான்.

"இங்கயே உக்காரணும். அப்பா வந்து கதவைத் திறக்கிற வரைக்கும்."

"நாம எங்கப்பா போறோம்?"

"நம்ம வீட்டுக்கு."

"அவங்ககிட்ட சொல்லிட்டு வரவா?"

"வேண்டாம்." கதவைச் சாத்தி வெளியே தாழ்ப்பாள் போட்டான். இழுத்துப் பார்த்தான். கெட்டியாக இருந்தது.

வானம் மூடிக்கொண்டு வந்தது. காற்று நின்றுபோய், இலையழுகலின் வாடையும் ஸ்பிரிட் நெடியும் தரையோடு தரையாகத் தேங்கின. சவரப் பிளேடைப் படுக்கை வசமாகப் பிடித்து, பித்தளையைக் கீறிவிடாமல், மனைவி பூசியதைச் சுரண்டத் தொடங்கினான். செதில் செதிலாகச் சுருண்டு வந்தது. விரல் நகங்களையே உரிப்பதுபோல இருந்தது. பாதியில் கையை எடுத்தான். எடுத்தவன், முன் அறையில் ஷூ போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பிள்ளையை நினைத்தான். மறுபடி சுரண்டினான்.

ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தான். துணி சிவந்தது. இன்னொரு மடிப்பு. கறுத்தது. இப்போது அது வெறும் பித்தளை.

நாரை வைத்துக் கடைசியாக ஒரு முறை தேய்த்தான். சர்ர், சர்ர் என்று அந்தச் சின்னச் சத்தம். நிறுத்தினான்.

சர்ர்.

ஒன்று மட்டும் கூடுதலாகக் கேட்டது. குகைக்குள்ளிருந்து.

அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நாரை ஒரு தரம் இழுத்தான். நிறுத்தினான். உள்ளே ஒரு தரம். இரண்டு தரம் இழுத்தான். உள்ளே இரண்டு. மூன்றாவதற்கு அவன் இழுக்கவில்லை. உள்ளே மட்டும் கேட்டது.

பின்னுக்கு நகர்ந்து எழுந்தான். "ஓட்டுங்க," என்றான். "ஓட்டித் தொலைங்க!"

குமிழ் திரும்பியது. ரயில் முனகிக்கொண்டு கிளம்பியது. தொட்டியைச் சுற்றியது. வேலியை ஒட்டி வந்தது. அந்த ஒரு முழத்தில் விளக்கு அணையவில்லை. என்ஜின் உள்ளே போனது. முதல் பெட்டி. இரண்டாவது. மூன்றாவது.

முனகல் கேட்டுக்கொண்டே இருந்தது. குறைந்துகொண்டே போனது. ஓர் ஆள் நீளத்தை நொடியில் தாண்டிவிட வேண்டிய ரயில், ஊர் தாண்டி ஊர் போகிற நிஜ ரயில்போல, தூரத்துக்கு, இன்னும் தூரத்துக்குப் போனது. பிறகு சத்தமே இல்லை. பெரியவரின் விரல் குமிழில் இருந்தது. அவர் முகத்தில் அவன் எதிர்பார்த்த வெற்றி இல்லை. காய்ச்சல் விட்டவன் முகம்போல ஒரு நிம்மதி.

தூரத்தில் மறுபடி முனகல். வளர்ந்தது. அடுத்த வாய் வழியாக ரயில் வெளியே வந்தது. பெட்டிகள் மூன்றும் ஈரமாக இருந்தன. கழுவித் துடைத்து எடுத்ததுபோல.

அது வளைந்து, புதர் தாண்டி, கிளம்பின இடத்துக்கு வந்து சேர்ந்தது. நிற்கவில்லை. அடுத்த சுற்றுக்குப் போனது.

"ரவுண்டு முடிஞ்சுது. நிறுத்துங்க."

"இனிமே எதுக்கு நிறுத்தணும் மாப்பிள்ளை?" என்றார் மாமனார். பிரியமாகத்தான் சொன்னார்.

அவன் உள்ளே ஓடினான். தாழ்ப்பாள் போட்டபடி இருந்தது. திறந்தான்.

கட்டில். பை. ஜன்னல் கம்பிகள். தரையில், ஜோடியாக, நேராக வைத்த ஷூ.

"வாலு?"

கட்டிலுக்கடியில் இல்லை. அலமாரியில் இல்லை. கதவுக்குப் பின்னால் இல்லை. அறை முழுக்க ஈரக்கல் வாசம்.

தோட்டத்திலிருந்து சத்தம் கேட்டது.

சர்ர். சர்ர். சர்ர்.

ஓடிவந்தான். நின்றான்.

குகை வாயிலிருந்து ஒரு கை வெளியே நீண்டிருந்தது. தோள்வரை. வெளிறிய, பளபளத்த சின்னக் கை. விரல்களில் ஒரு துணி. அவன் சுரண்டிய அந்த ஒரு முழத்தை அது முன்னும் பின்னும் துடைத்துக்கொண்டிருந்தது. அவசரமில்லாமல். பொறுப்பாக.

அவன் பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தான். வெதுவெதுப்பாக இருந்தது. நாடி அடித்தது.

"அப்பா," என்றது குகைக்குள்ளிருந்து.

"வந்துட்டேன் கண்ணு. அப்பா வந்துட்டேன்." இழுத்தான். இரண்டு விரற்கடை வந்தது. அதற்கு மேல் வரவில்லை. அப்போதுதான் நிமிர்ந்து மறு கோடியைப் பார்த்தான். ஓர் ஆள் நீளத்துக்கு அப்பால், அடுத்த வாயில், இன்னொரு கை. இடது கை. முட்டியில் மண், மணிக்கட்டில் பேனாக் கிறுக்கல். அவன் இழுத்த இரண்டு விரற்கடை அது உள்ளே போயிருந்தது.

கையை விட்டான். அது உடனே வேலையைத் தொடர்ந்தது.

வேலியோரம் கிடந்த பெரிய கல்லை இரண்டு கையாலும் தூக்கினான். தலைக்கு மேல். குகையின் முதுகைப் பார்த்து ஓங்கினான்.

"அடிக்காதப்பா," என்றது உள்ளே. "தலை மேல விழும்."

"நல்லா துடைக்கிறா," என்றார் மாமனார் பின்னாலிருந்து. "அவ அம்மாவைவிட நல்லா. கொஞ்சம் தள்ளி நில்லுங்க மாப்பிள்ளை, வண்டி வருது."

ரயில் வேலியை ஒட்டி வந்தது. விளக்கு வெளிச்சம் பட்டதும் அந்தச் சின்னக் கை துணியைச் சுருட்டிக்கொண்டு, வழி விட்டு, உள்ளே போனது. மறு கோடியில் இருந்ததும் போனது. என்ஜின் நுழைந்தது. பெட்டிகள் நுழைந்தன. முனகல் தூரம் போனது. திரும்பி வந்தது. ரயில் அந்தப் பக்கம் வெளியே வந்து, வளைந்து போயிற்று.

இந்த வாயிலிருந்து வலது கை மெல்ல வெளியே வந்தது. அந்த வாயிலிருந்து இடது கை.

கல்லை ஓங்கியபடியே அவன் நின்றான். இரண்டு கைகளும் ஒரே தாளத்தில் துடைக்கத் தொடங்கின.